மாவுக்கட்டு நனையாமல்

மகளுக்கு வலது பாதம் பிறக்கும்போதே உள்பக்கமாக வளைந்திருந்தது. எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகிவிடும் என்று ஊரில் சொன்னார்கள். உருவினோம். துணியால் இறுக்கிக் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். இரண்டு வயது தாண்டியும் பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றித்தான் நின்றாள். நாலடி வைத்தால் விழுந்தாள். விழுந்ததும் அழாமல், யாரும் பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர், "பெரிய ஊருக்குக் கொண்டுபோங்க. இன்னும் தள்ளிப்போட்டா எலும்பு முத்திரும்" என்றார்.

பெரிய ஊர் என்றால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது மெட்ராஸ்தான். ஆனால் மெட்ராஸில் எங்களுக்கு ஆள் கிடையாது. பம்பாயில் இருந்தார். என் பெரியப்பா மகன் தாராவியில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவருக்குத் தகவல் போனதும், பரேலில் குழந்தைகளுக்கு எலும்பு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, புறப்பட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். என் கணவர் பஞ்சாலையில் வேலை பார்த்தார். கிடைத்த லீவில் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாரத்தில் திரும்பிப் போனார். அறுபதுகளின் நடுப்பகுதி அது. இந்தி ஒரு வார்த்தை தெரியாமல், இடுப்பில் ஒரு பிள்ளையோடு நான் அந்த ஊரில் நின்றேன். அங்கே எட்டு மாதம் போல இருந்தேன்.

அண்ணன் கடை தெருவைப் பார்த்து இருந்தது. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதை அங்கே கோலி என்பார்கள். அந்த அறையின் பாதி உயரத்தில் பலகை அடித்து ஒரு மச்சு. ஏணி வைத்து ஏற வேண்டும். அண்ணன், மதினி, அவர்களுடைய இரண்டு பெண் பிள்ளைகள், கடைச் சரக்கு மூட்டைகள் எல்லாம் அந்த இடத்துக்குள்தான். நாங்களும் வந்து சேர்ந்தோம். போன அன்றைக்கே மதினி மிளகாய் மூட்டையையும் புளிச் சிப்பத்தையும் மச்சுக்கு ஏற்றிவிட்டு, கீழே சுவரோரம் எனக்கும் பிள்ளைக்கும் பாய் விரித்தாள்.

"ஏணி ஏறி இறங்க உன் பிள்ளைக்கு முடியாதுல்லா. இது உங்க இடம். யாரும் கேக்க மாட்டாவ" என்றாள்.

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்குமே மதினி" என்றேன்.

"ஏட்டி, இது பம்பாய். இங்க இடைஞ்சல்னு பாத்தா ஒருத்தனும் குடியிருக்க முடியாது. போயி மூஞ்சியக் கழுவு."

மதினிக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். கல்யாணமாகி நேராகத் தாராவிக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் பேசாத பாஷை கிடையாது. எல்லாப் பாஷையையும் திருநெல்வேலித் தமிழில் போட்டுப் பிசைந்து, தனக்கென்று ஒன்றைச் செய்துவைத்திருந்தாள். காலையில் பொதுக்குழாயில் தண்ணீர் வரும்போது அவளைப் பார்க்க வேண்டும். "ஏ பாயி, லைன் மே வா, லைன் மே வா, நான் பஹ்லே வந்தேன்லா!" என்பாள். எதிரே நிற்கிற வடக்கத்திப் பெண்ணுக்கு அது முழுசாகப் புரியும். அவளும் பதிலுக்கு ஏதோ கத்துவாள். அரை மணி கழித்து அதே பெண் எங்கள் கடையில் நின்று பருப்பு வாங்கிக்கொண்டு, மதினியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். தண்ணீர்ச் சண்டை தண்ணீரோடு போய்விடும். எங்கள் ஊரில் இப்படி ஒரு சண்டை வந்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது.

தெருவில் எந்நேரமும் தோல் வாடை இருந்தது. பக்கத்தில் பதனிடுகிற கொட்டகைகள். முதல் சில நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு எப்போது மூக்கு அதை மறந்தது என்று எனக்கே தெரியாது. அந்தத் தெருவில் சும்மா இருக்கிற ஆளை நான் பார்க்கவில்லை. ஒரு வீட்டில் தைத்துக்கொண்டிருப்பார்கள், ஒரு வீட்டில் அப்பளம் காய்ந்துகொண்டிருக்கும், அடுத்த வீட்டில் தகரம் தட்டுகிற சத்தம். ரேஷனில் போடுகிற அரிசி எப்படிப்பட்டது என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதிலும் மதினி எப்படியோ பூப்போல இட்லி ஊற்றிவிடுவாள். வாரத்தில் ஒருநாள் மாட்டுங்காவுக்கு நடந்துபோய்க் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வருவோம். அங்கே பூக்கடைத் தெருவில் நின்றால் நம் பக்கத்து ஊர் ஏதோ ஒன்றில் நிற்கிறாற்போல இருக்கும். மதினி மட்டும் அங்கேயும் கடைக்காரரிடம் இந்தியில்தான் விலை கேட்பாள். "தமிழ்ல கேட்டா ஊருக்குப் புதுசுன்னு நெனச்சு ஏமாத்திருவான்" என்பாள். கடைக்காரர் தமிழர்தான். அவரும் சளைக்காமல் இந்தியிலேயே பதில் சொல்வார்.

ஆஸ்பத்திரிக்கு முதல்முறை மதினிதான் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பார்ஸிக்காரர். நல்ல உயரம், நரைத்த புருவம். மகளின் பாதத்தைக் கையில் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தியில் நெடுநேரம் பேசினார். மதினி தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்ன மதினி சொல்லுதாரு?"

"வாராவாரம் கட்டு போடணுமாம். ஒவ்வொரு வாரமும் காலைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, மாவுக்கட்டு போட்டு, அப்புறம் பிரிச்சு, திரும்பப் போட்டு, இப்படியே கொண்டாருவாவளாம். கடைசியில குதிகால்ல சின்னதா ஒரு நரம்பை அறுத்துவிடணுமாம். பயப்படாதங்காரு."

"நடப்பாளாமா?"

மதினி அவர் பக்கம் திரும்பி, "சாப், யே லடுக்கி சலேகா க்யா?" என்று ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். மகளின் கன்னத்தில் தட்டி, "தௌடேகி" என்றார். ஓடுவாள் என்று அர்த்தம். நான் கற்ற முதல் இந்தி வார்த்தை அதுதான்.

அதிலிருந்து வாராவாரம் சயான் ஸ்டேஷனிலிருந்து பரேலுக்குப் போய்வந்தோம். மாட்டுங்கா, தாதர், பரேல் என்று மூன்றே ஸ்டேஷன். ஆனால் அந்த லேடீஸ் பெட்டியில் ஏறுவதற்கு எனக்கு இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. வண்டி நின்று மூச்சு விடுவதற்குள் கிளம்பிவிடும். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் மோதுவார்கள். பிள்ளையின் காலில் கல்மாதிரி மாவுக்கட்டு வேறு. மதினி முன்னால் போய் முழங்கையால் வழி பண்ணுவாள், நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவேன். உள்ளே போய்விட்டால் வேறு உலகம். யாராவது ஒருத்தி பிள்ளையின் காலைப் பார்த்துவிடுவாள். உடனே இருக்கிற பெஞ்சில் எல்லோரும் இறுகி உட்கார்ந்து ஓரிடம் உண்டாக்குவார்கள். ஒருத்தி கையில் ஆரஞ்சுச் சுளை கொடுப்பாள். ஆபீஸ் போகிற பெண்கள் தலைவாரிக்கொள்வதும், கீரை ஆய்வதும், உட்கார்ந்தபடியே தூங்குவதும் அங்கேதான். அவரவர் இறங்குகிற ஸ்டேஷன் வரும்போது எப்படித்தான் விழித்துக்கொள்வார்களோ.

சாயங்கால வண்டியில் மீன்காரிகள் வருவார்கள். காலையில் லால்பாக் பக்கம் மீன் விற்று முடித்துவிட்டு, காலிக்கூடைகளோடு சயான் கோலிவாடா என்கிற மீனவர் குடியிருப்புக்குத் திரும்புகிறவர்கள். புடவையைப் பின்கச்சம் போட்டு இறுக்கிக் கட்டி, கொண்டையில் பூ வைத்து, மூக்கில் பெரிதாக நத்து போட்டு, வாசல் பக்கம் தரையில் கூடைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். வாடைக்காக மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். அவர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. அவர்களில் ஒருத்தி, நல்ல பருமன், உரத்த குரல், எங்களைப் பார்த்தால் மகளின் மாவுக்கட்டில் விரலால் டக்டக் என்று தட்டி ஏதாவது சொல்வாள். மகளும் பதிலுக்கு அவள் கூடையைத் தட்டுவாள். அதற்குமேல் பழக்கம் இல்லை.

ஜூலை மாதம். அண்ணனுக்குக் காய்ச்சல். கடையை மதினி பார்க்க வேண்டியிருந்தது.

"நானே போயிட்டு வந்திருதேன் மதினி" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போயிருவியா?"

"மூணு ஸ்டேஷன்தானே."

போவது சுலபமாக முடிந்தது. டாக்டர் பழைய கட்டைப் பிரித்து, பாதத்தை இன்னும் கொஞ்சம் நேராக்கி, புதுக்கட்டு போட்டார். ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது கட்டு. நாளை வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் இந்த வாரப் பாடு வீண் என்று நர்ஸ் கைஜாடையாலேயே சொல்லிப் புரியவைத்தாள். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தால், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது.

பம்பாய் மழையை அதற்கு முன்பும் பார்த்திருந்தேன். அன்றைக்குப் பெய்தது மழையாகத் தெரியவில்லை. வானத்தைக் கவிழ்த்துக் கொட்டினாற்போல இருந்தது. எப்படியோ கட்டு நனையாமல் வண்டி ஏறிவிட்டேன். தாதர் போயிற்று. மாட்டுங்கா போயிற்று. மாட்டுங்கா தாண்டியதும் வண்டி மெல்ல ஊர்ந்து, ஊர்ந்து, நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். தண்டவாளம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஜன்னலை மூடினார்கள். பிறகு அடுத்த பெட்டிகளிலிருந்து ஆண்கள் இறங்கித் தண்ணீரில் நடந்துபோவது தெரிந்தது. ஒருத்தி, இரண்டுபேர் என்று எங்கள் பெட்டியிலும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். நான் மகளை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இரண்டரை வயது. அந்தக் கட்டோடு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழி தெரியாத தண்ணீரில், ஒரு கையில் குடையோடு எப்படி நடப்பேன்? கால் இடறினால்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பருமனான மீன்காரம்மா வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

"ரடூ நகோ" என்றாள். அழாதே என்று சொல்கிறாள் என்பது எந்தப் பாஷையிலும் புரியும்.

நான் மாவுக்கட்டைக் காட்டி, "பானி… பானி நஹி" என்றேன். எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

அவள் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈர மாவு ஒட்டியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு நொடி யோசித்தாள். பிறகு போய்த் தன் கூடையை எடுத்துவந்தாள். அகலமான, ஆழமான மூங்கில் கூடை. உள்ளே கிடந்த ஈரச் சாக்கை உருவி வெளியே எறிந்தாள். பெட்டியில் நின்றவர்களைப் பார்த்து மராத்தியில் ஏதோ உரக்கச் சொன்னாள். எதிரே இருந்த காலேஜ் பெண் ஒருத்தி, மறுபேச்சில்லாமல் தான் போட்டிருந்த பிளாஸ்டிக் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். இன்னொருத்தி மடித்துவைத்திருந்த செய்தித்தாளைக் கொடுத்தாள். செய்தித்தாளைக் கூடையில் விரித்து, மழைக்கோட்டால் மகளைக் கழுத்துவரை சுற்றி, மீன்காரம்மா அவளைத் தூக்கிக் கூடைக்குள் உட்காரவைத்துவிட்டாள். மாவுக்கட்டுப் போட்ட கால் நேராக நீட்டிக்கொள்ள அளவெடுத்தாற்போல இடம் இருந்தது.

எங்கள் வீட்டில் மீன் புழங்குவதில்லை. அந்த நேரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை.

உயரமான பஞ்சாபிக்காரப் பெண்மணி ஒருவர், சல்வாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு முதலில் கீழே குதித்தார். தண்ணீர் அவருக்கு முழங்கால் அளவு. மேலேயிருந்து கூடையை இறக்கிக் கொடுத்தார்கள். அவர் ஒரு பக்க விளிம்பையும் மீன்காரம்மா மறுபக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டார்கள். என்னையும் கைகொடுத்து இறக்கினார்கள். நான் பக்கத்திலேயே நடந்து கூடைக்கு மேல் குடையைப் பிடித்தேன். காலேஜ் பெண் தொப்பலாக நனைந்தபடி முன்னால் போய், கால் வைக்கிற இடத்தைச் சோதித்துச் சோதித்துச் சொன்னாள். "பாஜூ! பாஜூ!" என்று மீன்காரம்மா ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற ஆண்கள் எல்லாம் விலகினார்கள். ஒருவர், கோட்டு சூட்டு போட்டவர், தன் குடையையும் கூடைக்கு மேல் நீட்டிக்கொண்டு கொஞ்சதூரம் கூடவே வந்தார்.

மகள் பயப்படவில்லை. கூடைக்குள் உட்கார்ந்து, சாமி ஊர்வலம் போகிற மாதிரி எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் "அம்மா, கப்பல்!" என்று கத்தினாள். பஞ்சாபிக்காரப் பெண்மணி என்னவென்று கேட்டார். நான் கையை அலைபோல ஆட்டிக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கூடை ஆடியது. மீன்காரம்மா அவரை அதட்டினாள்.

சயானில் படியேறினோம். பஞ்சாபிக்காரப் பெண்மணியும் மீன்காரம்மாவும் கிழக்குப் பக்கம் போக வேண்டியவர்கள். தாராவி மேற்குப் பக்கம். பஞ்சாபிக்காரப் பெண்மணி விடைபெற்றுப் போனார். காலேஜ் பெண் மழைக்கோட்டைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டாள். அடுத்த வாரம் இதே வண்டியில் தா என்று கையால் சொல்லிவிட்டு ஓடினாள். நான் மகளைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினேன். மீன்காரம்மா என் கையைத் தட்டிவிட்டாள். கூடையைத் தலைக்கு ஏற்றினாள், உள்ளே மகளோடு. ஒரு கையால் கூடையையும் ஒரு கையால் என் முழங்கையையும் பிடித்துக்கொண்டு, தாராவிப் பக்கம் இறங்கினாள்.

பாதி வழியில் மதினி எதிரே வந்துகொண்டிருந்தாள். கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, இடுப்புவரை நனைந்து, வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "பிள்ளை எங்கட்டி?" என்று அலறினாள்.

நான் மேலே காட்டினேன். கூடையிலிருந்து மகள், "அத்தே!" என்றாள்.

மதினி நடுத்தெருவில், தண்ணீருக்குள், அப்படியே நின்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

கடைக்கு வந்ததும் மீன்காரம்மா கூடையை இறக்கி, மழைக்கோட்டை விலக்கி, மாவுக்கட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "சூக்கா" என்றாள். காய்ந்தே இருந்தது. மதினி காப்பி கலந்து கொடுத்தாள். மீன்காரம்மா கடைப்படியில் உட்கார்ந்து, மழையைப் பார்த்தபடி, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மதினி தன் பாஷையில் என்னென்னவோ கேட்க, அவள் தன் பாஷையில் பதில் சொன்னாள். அவளுக்கு நான்கு பிள்ளைகள், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர், மழைக்காலத்தில் படகு இறங்காது, கருவாடு விற்றுத்தான் பாடு என்று மதினி எனக்குச் சொன்னாள். மழை கொஞ்சம் விட்டதும் கூடையைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் மழைக்கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். காலேஜ் பெண் அதே பெட்டியில் இருந்தாள். மீன்காரம்மாவும் இருந்தாள். அன்றுமுதல் எங்களுக்கு அவள் பக்கத்தில்தான் இடம். வாசல் ஓரம், தரையில், கூடைகளுக்கு நடுவே. எனக்கு அந்த வாடை ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் இலையில் பொதிந்து ஒரு பெரிய கருவாட்டுத் துண்டை என் பையில் திணித்தாள். பிள்ளைக்கு எலும்பு கெட்டிப்படும் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். மதினி அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம், "ரொம்ப நல்லாருந்துச்சுன்னு சொல்லு" என்று எனக்கு வாக்கியம் கற்றுக்கொடுத்தாள். பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் பொய்யில்லை.

அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் போய்வந்தேன். மழைக்காலம் முடிந்தபோது குதிகாலில் சின்ன அறுவை நடந்தது. அதற்குப் பின் கடைசிக் கட்டு. அதையும் பிரித்த அன்று, வெளுத்துச் சூம்பிப்போன அந்தக் காலைப் பார்த்து நான் கலங்கினேன். டாக்டர் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்தார். தட்டையாக, நேராக, மற்றப் பாதம் மாதிரியே இருந்தது. மண்தரையிலும் புல்லிலும் நடக்கவிடுங்கள் என்றார்.

தாராவியில் புல்லுக்கு எங்கே போவது? மதினியின் தங்கை செம்பூரில் இருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் பெரிய திடல், சுற்றிலும் மரங்கள். அந்தக் காலத்துச் செம்பூர் அப்படித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டுச்சாதத்தோடு போய்விடுவோம். புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு மகள் முதலில் என் விரலைப் பிடித்து நடந்தாள். பிறகு மதினியின் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது மதினி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மகள் ஒரு காக்கையைத் துரத்திக்கொண்டு திடலின் குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் தடுமாறி, ஆனால் ஓடிக்கொண்டிருந்தாள். காக்கை பறந்துபோன பிறகும் நிற்காமல் ஓடினாள். கூப்பிடாதே என்று மதினி சைகை காட்டினாள். நாங்கள் ஈரக்கையோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

என் கணவர் எங்களைக் கூட்டிப்போக வந்தார். மகள் தெருக்கோடியிலிருந்து அவரை நோக்கி ஓடிவந்தாள். அவர் குனிந்து அவள் பூட்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசி வாரம் நான் பரேலுக்குப் போய்த் திரும்பும்போது மீன்காரம்மாவிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன். அதற்குள் அவ்வளவு இந்தி வந்திருந்தது. அவள் தன் கொண்டையிலிருந்த பூவை எடுத்து மகளின் தலையில் செருகினாள். சயானில் இறங்கி அவள் கிழக்கே போனாள். நான் மகளை நடக்கவிட்டே மேற்கே கூட்டிவந்தேன்.

ஊர் வண்டி புறப்படும் வி.டி. ஸ்டேஷனுக்கு அண்ணனும் மதினியும் வந்திருந்தார்கள். மதினி எங்களுக்கு முன்னால் பெட்டிக்குள் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒருவரை எழுப்பி, எதிர்ப்பக்கம் உட்காரவைத்து, மகளுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தாள். எங்களுக்குச் சோற்றுமூட்டை, தண்ணீர்க்கூஜா எல்லாம் எடுத்துவைத்தாள். வண்டி நகர்ந்தபோது அவள் கையசைக்கவில்லை. ஜன்னலோடு கூடவே நடந்துகொண்டு, எதிரே உட்கார்ந்திருந்த அந்த மனிதரிடம், பிள்ளைக்குக் கால் இப்போதுதான் சரியாகியிருக்கிறது, யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தன் இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் பணிவாக "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். பிளாட்பாரம் முடிகிறவரை அவள் சொல்லி முடிக்கவில்லை.